விரிசல் விட்ட கப்பலும் நாகர்கோவில் அட்மிரலும்
(டிசம்பர் 4 – கடற்படை தினச் சிறப்புக் கட்டுரை)



போன மாசம் எங்க வகுப்புல ஒரு சண்டை. சண்டைன்னா அடிதடி இல்ல, வாய்ச் சண்டைதான். டி.வி.யில "காஸி" படம் போட்டாங்க. 2017-ல வந்த படம். பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் ஒண்ணு விசாகப்பட்டினத்துக்கு வருது, நம்ம நீர்மூழ்கிக் கப்பல் போய் அதை அழிக்குது. மறுநாள் பள்ளிக்கூடத்துல எல்லாரும் அதைத்தான் பேசினோம். அப்ப ஒரு பையன், "இதெல்லாம் வடக்கத்தி ஆளுங்க செஞ்சது, நம்ம தமிழ்நாட்டுக்காரங்க கடற்படையில எங்க இருந்தாங்க?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியல. ஆனா "இருந்திருப்பாங்க"ன்னு கத்திட்டேன். சமூக அறிவியல் மிஸ் கேட்டுட்டு, "கத்தினா போதாது. கண்டுபிடிச்சு சுவரிதழ்ல எழுது"ன்னு சொல்லிட்டாங்க. நூலகத்துல தேடினதும் மிஸ் உதவி செஞ்சதும் சேர்ந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் விஷயம். அந்தப் படத்துல வர்ற சண்டை கற்பனை. காஸிங்கிற நீர்மூழ்கிக் கப்பல் உண்மை. அது விசாகப்பட்டினம் பக்கத்துல மூழ்கினதும் உண்மை. ஆனா அதோட எந்த இந்திய நீர்மூழ்கிக் கப்பலும் சண்டை போடல. அந்தச் சமயம் கிழக்குக் கடற்படைக்கே தலைமை தாங்கினவர் ஒரு நாகர்கோவில்காரர். அவர் பேரு வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன்.

பிறப்பும் முதல் போரும்

கிருஷ்ணன் 1919-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி நாகர்கோவிலில் பிறந்தார். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் நம்ம மாநிலத்தோடு சேர்ந்தது. இதைப் பாடத்தில் படித்திருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா?

அவர் இளைஞரா இருக்கும்போது இந்தியாவை ஆண்டது பிரிட்டிஷார். நம்ம கடற்படைக்குப் பேரு ராயல் இந்தியக் கடற்படை. அதில் அவர் அதிகாரியாகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-இல் பாரசீக வளைகுடாவில் நடந்த சண்டையில் காட்டிய வீரத்துக்காக அவருக்கு டி.எஸ்.சி. என்ற பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22. எங்க அண்ணனுக்கு இப்ப 22. ஜக்கார்டு பெட்டியில அட்டை மாட்டவே அவன் அப்பாவைக் கூப்பிடுறான்!

1947-இல் சுதந்திரம் வந்தது. 1950-இல் ராயல் என்ற சொல் போனது, இந்தியக் கடற்படை என்று ஆனது. கிருஷ்ணன் அதிலேயே தொடர்ந்தார்.

இரண்டாவது போர் – டையூ, 1961

சுதந்திரம் வந்து பதினாலு வருஷம் ஆகியும் கோவா, டாமன், டையூ மூன்றும் போர்ச்சுகல் நாட்டிடமே இருந்தன. 1961 டிசம்பர் 18, 19 தேதிகளில் "ஆபரேஷன் விஜய்" என்ற பெயரில் நம் ராணுவம் அவற்றை விடுவித்தது. அப்போது கிருஷ்ணன் ஐ.என்.எஸ். டெல்லி என்ற போர்க்கப்பலின் கேப்டன். டையூவில் தரைப்படைக்குத் துணையாக அந்தக் கப்பல் கடலில் இருந்து பீரங்கியால் சுட்டது.

உங்களுக்குத் தெரியுமா?
ஐ.என்.எஸ். டெல்லி புதுக் கப்பல் இல்லை. அதன் பழைய பெயர் அக்கிலிஸ். 1939 டிசம்பர் 13-ஆம் தேதி தென் அமெரிக்கா பக்கத்தில் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீ என்ற போர்க்கப்பலோடு சண்டை போட்ட மூன்று கப்பல்களில் அதுவும் ஒன்று. 1948-இல் இந்தியா வாங்கியது. அந்தச் சண்டையைப் பற்றி 1956-இல் வந்த ஆங்கிலப் படத்தில் அந்தக் கப்பலே தன் வேஷத்தில் தானே நடித்தது!

இதற்குப் பிறகு கிருஷ்ணன் ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற கப்பலுக்கும் கேப்டனாக இருந்தார். விக்ராந்த் நம் நாட்டின் முதல் விமானம் தாங்கிக் கப்பல். 1961-இல் நம் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 213 மீட்டர். நம்ம பள்ளி மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடி வெச்சு அளந்தேன். அதுல பாதிகூட வரல. இந்தக் கப்பலை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையே இனிமேதான்.

மூன்றாவது போர் – 1971

அப்போது பாகிஸ்தான் இரண்டு துண்டாக இருந்தது. மேற்குப் பாகிஸ்தான் ஒரு பக்கம், கிழக்குப் பாகிஸ்தான் (இப்போது வங்கதேசம்) இன்னொரு பக்கம், நடுவில் இந்தியா. 1970 தேர்தலில் கிழக்கில் இருந்த கட்சிதான் ஜெயித்தது. ஆனால் ஆட்சியைக் கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு ராணுவம் மக்களைச் சுட ஆரம்பித்தது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். போர் வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கிருஷ்ணன் அப்போது விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைத் தலைவர். வயது 52. வங்காள விரிகுடாவை அடைத்தால் கிழக்கில் இருக்கிற பாகிஸ்தான் படைக்குக் கடல் வழியாக உதவி வராது, தப்பித்தும் போக முடியாது. அதற்கு விக்ராந்த் வேண்டும்.

ஆனால் விக்ராந்துக்கு உடம்பு சரியில்லை!

அதில் நான்கு கொதிகலன்கள். அதாவது பாய்லர். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியில்தான் கப்பல் ஓடும். அதில் ஒன்றில் விரிசல். நல்ல நிலையில் விக்ராந்த் 25 நாட் வேகம் வரை போகும் (மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர்). விரிசலுக்குப் பிறகு சுமார் 16 நாட்தான். அது 30 கிலோமீட்டர்கூட முழுசா இல்லை. நம்ம ஊர்ல சேலை மூட்டையை வெச்சுக்கிட்டுப் போற மொபெட் வேகம்.

வேகம் குறைந்தால் என்ன கஷ்டம்? கப்பலின் மேல்தளம் சின்னது. அங்கிருந்து விமானம் கிளம்ப எதிர்காற்று வேண்டும். கப்பல் வேகமாக ஓடினால்தான் அந்தக் காற்று கிடைக்கும். மெதுவாக ஓடினால் விமானம் ஏறுவது ஆபத்து. நீர்மூழ்கிக் கப்பல் துரத்தினாலும் வேகமாக ஓடித் தப்பிக்க முடியாது. அதனால் விக்ராந்தைப் போருக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று பெரிய கேள்வி. 1965 போரிலும் அது பழுதுபார்க்கும் துறையில் நின்றுவிட்டது. இந்த முறையும் நின்றால் என்ன ஆகும்?

கிருஷ்ணன் அனுப்பலாம் என்றார். கடற்படைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா ஒத்துக்கொண்டார்.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. "விரிசல் ஒண்ணும் பெரிசில்ல, சமாளிச்சுக்கலாம்"னு கண்ணை மூடிக்கிட்டு அவங்க அனுப்பல. விரிசல் இருக்கிற கப்பலை எங்க வெச்சா விரிசல் தொந்தரவு பண்ணாதுன்னு கணக்குப் போட்டாங்க. மேற்கே கராச்சி பக்கம் பாகிஸ்தானுக்கு நிறைய விமானம், நிறையக் கப்பல். கிழக்கே ஒரே ஒரு ஸ்குவாட்ரன் சேபர் போர் விமானம், சில சின்னப் பீரங்கிப் படகு. அவ்வளவுதான். அதனால மேற்கே பயன்படாத கப்பல் கிழக்கே பயன்படும். விக்ராந்தைக் கிழக்குக்குக் கொண்டு வந்தாங்க. கொதிகலனைக் கட்டுப்போட்டு, ஓட்டிப் பார்த்து, எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சுகிட்டுதான் அனுப்பினாங்க. அப்போ அதன் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ்.

ஒளிந்துகொண்ட பெரிய கப்பல்

1971 நவம்பர் 14-ஆம் தேதி காஸி கராச்சியில் இருந்து கிளம்பியது. முக்கிய வேலை, விக்ராந்தைத் தேடி மூழ்கடிப்பது. காஸி அமெரிக்காவில் கட்டிய கப்பல். பழைய பெயர் டயாப்ளோ. 1964-இல் அமெரிக்கா அதைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. இந்தியாவைச் சுற்றி, இலங்கையைச் சுற்றி, நம்ம மெட்ராஸ் பக்கம் வரைக்கும் வந்து தேடியது. மெட்ராஸ் நம்ம ஊர்ல இருந்து நாலு மணி நேர பஸ். அவ்வளவு பக்கத்துல!

விக்ராந்த் அங்கே இல்லை. அந்தமான் தீவில் போர்ட் கார்ன்வாலிஸ் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் ஒளிந்திருந்தது. அந்த இடத்துக்கு ரகசியப் பெயர் "எக்ஸ்-ரே".

ஆனால் காஸி நம்ப வேண்டுமே, விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது என்று? அதற்குக் கிருஷ்ணன் ஒரு நாடகம் போட்டார்.

1. ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற கிழட்டுக் கப்பலைப் பிடித்தார். 1942-இல் கட்டியது. சீக்கிரம் படையை விட்டே எடுக்கப் போகிறார்கள். அதைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் பேசுவது போல நிறைய ரேடியோ செய்தி அனுப்பச் சொன்னார்.

2. விசாகப்பட்டினம் சந்தையில் காய்கறி, இறைச்சி எல்லாம் ஏராளமாக ஆர்டர் கொடுக்கச் சொன்னார். இவ்வளவு சாப்பாடு யாருக்கு? பெரிய கப்பல் வந்திருக்கிறது போல என்று ஊரே பேசும் இல்லையா?

3. விக்ராந்தில் இருக்கிற ஒரு மாலுமி தன் அம்மா உடம்பை விசாரித்து அனுப்பியது போல ஒரு தந்தி. வேண்டுமென்றே ரகசியக் குறியீடு இல்லாமல்.

இதைப் படிச்சுட்டு நான் சிரிச்சுட்டேன். 213 மீட்டர் கப்பலை ஒளிச்சு வெச்சது காய்கறியும் தந்தியும்தான்!

காஸி எப்படி மூழ்கியது?

காஸி விசாகப்பட்டினத்துக்கு வந்தது. 1971 டிசம்பர் 3 நள்ளிரவு ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. தண்ணீரில் ஏதோ கலக்கம் தெரிந்ததால் ஆழ்வெடிகுண்டு போட்டது. கொஞ்ச நேரத்தில் பெரிய வெடிச்சத்தம். காலையில் மீனவர்கள் கடலில் மிதந்த பொருட்களை எடுத்து வந்து கொடுத்தார்கள். காஸி அடியில் கிடந்தது. தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் உள்ளே. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ராஜ்புத் குண்டுதான் மூழ்கடித்தது என்று இந்தியக் கடற்படை சொன்னது. கிருஷ்ணனும் அப்படித்தான் சொன்னார். இல்லை, அது வைத்த கண்ணிவெடியே அதற்கு வெடித்திருக்கும், அல்லது உள்ளேயே ஏதோ வெடித்தது என்று பாகிஸ்தான் சொல்கிறது. நம் கடற்படையில் இருந்த சில அதிகாரிகளும் உள்வெடிப்பாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் முதலில் இதை எழுத வேண்டாம்னு நினைச்சேன். நம்ம பெருமை குறைஞ்சுடுமோன்னு. மிஸ் சொன்னாங்க, "ரெண்டு கருத்து இருந்தா ரெண்டையும் எழுதறதுதான் வரலாறு. காஸியை அங்க வரவெச்சது யாரு? அதை யாரும் மறுக்கலையே." அதனால எழுதிட்டேன்.

பதின்மூன்று நாள்

டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களைத் தாக்கின. மூன்று கொதிகலன் வேகத்திலேயே! தொடர்ந்து வங்காள விரிகுடா அடைக்கப்பட்டது. அதே டிசம்பர் 4 இரவு மேற்கே நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. அதனால்தான் இந்த நாள் கடற்படை தினம்.

அமெரிக்கா தன் அணுசக்தி விமானம் தாங்கிக் கப்பல் எண்டர்பிரைஸை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. விக்ராந்த் அதன் முன்னால் பொம்மை மாதிரி. ஆனால் அது வந்து சேர்வதற்குள் போர் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. 1971 டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ஜெனரல் நியாஜி சரணடைந்து கையெழுத்துப் போட்டார். சுமார் 93,000 பேர் கைதிகள். அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தைப் பாருங்கள். நியாஜியும் ஜெனரல் அரோராவும் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் நிற்கிறவர்களில் இடது பக்கம் இருப்பவர்தான் நம் நாகர்கோவில் கிருஷ்ணன். அந்தப் படத்தை நான் பாடப் புத்தகத்துக்கு வெளியிலும் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அவர் யாருன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

எல்லாமே நல்லபடியா நடந்ததுன்னு சொல்ல முடியாது. போரின் கடைசி நாட்களில் காக்ஸ் பஜார் கடற்கரையில் கூர்க்கா வீரர்களை இறக்கினார்கள். கரை எப்படி இருக்கிறது என்று சரியாகத் தெரியாததால் சில வீரர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதுவும் அவர் தலைமையில் நடந்ததுதான். மேற்கே டிசம்பர் 9-ஆம் தேதி ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. அது நடந்த இடம் டையூவுக்குப் பக்கம். பத்து வருஷத்துக்கு முன்னாடி கிருஷ்ணன் கேப்டனாக இருந்து சண்டை போட்ட அதே கடல்.

1972-இல் கிருஷ்ணனுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஓய்வுக்குப் பின் இந்தப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1982-இல் காலமானார்.

எங்க வீட்டுக் கதை

இது பாடம் இல்ல, ஆனா எழுதணும்னு தோணுது.

எங்க தாத்தா ஐம்பது வருஷம் தறியில உட்கார்ந்தவரு. போன வருஷத்துல இருந்து கண்ணு சரியாத் தெரியல. பட்டு இழை அறுந்தா கண்டுபிடிக்க முடியல. ஒரு சேலையில கரைப் பக்கம் தப்பு விழுந்துடுச்சு, கூலியில பிடிச்சுட்டாங்க. அன்னிக்கு தறிக்குழியை விட்டு எழுந்தவருதான், அப்புறம் இறங்கவே இல்ல. திண்ணையில உட்கார்ந்துகிட்டு, "இனிமே நான் சோத்துக்கு மட்டும்தான்"னு சொல்லுவாரு. ஆயா, "தாராவது சுத்திக் குடு"ன்னா, "அது பொம்பளைங்க வேலை"ன்னு கோவிச்சுக்குவாரு.

இந்தக் கட்டுரையை எழுதிட்டு அவருக்குப் படிச்சுக் காட்டினேன். கொதிகலன் விரிசல் வந்ததும், "இரு இரு, அதை மறுபடி படி"ன்னாரு. படிச்சேன். "அப்ப அந்தக் கப்பலை ரிப்பேர் பண்ணி முடிக்கலயா?" "முடிக்கல தாத்தா. மூணுலயே ஓட்டினாங்க." "ம்"னு சொன்னாரு. காஸி மூழ்கினதைப் படிச்சப்ப, "உள்ள இருந்த தொண்ணூறு பேரு வீட்டுக்கு யாரு போய்ச் சொல்லியிருப்பாங்க?"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ராட்டை சத்தம் கேட்டுது. ஆயாதான் சுத்துறாங்கன்னு நினைச்சுப் பார்த்தா, தாத்தா! தார் சுத்த கண்ணு அவ்வளவா வேண்டாம், விரல்ல இழை ஓடுறது தெரிஞ்சாப் போதும். அவரு விரலுக்கு அது தெரியும். என்னைப் பார்த்துட்டு, "என்னடி பார்க்கிற, பஸ்ஸு போயிடப்போவுது"ன்னாரு. இப்ப தினமும் காலையில சுத்துறாரு. சில நாள் கோவம் வந்து பாதியில வெச்சுடுறாரு. அதுவும் உண்டு.

எனக்கு இன்னும் கடலைப் பார்த்ததில்ல. இப்ப கடற்படையில பொண்ணுங்களும் மாலுமியாவும் அதிகாரியாவும் சேரலாம். 1992-ல இருந்து அதிகாரியா, 2022-ல இருந்து அக்னிவீர் மாலுமியாவும் எடுக்குறாங்க. சேர்றேனோ இல்லையோ, ஒரு தடவை விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போய் அங்க இருக்கிற போர் நினைவுச் சின்னத்தையும், குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்தையும் பார்க்கணும். மிஸ், சுற்றுலா எங்கன்னு முடிவு பண்ணும்போது இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க!

சொல் விளக்கம்
நாட் – கடலில் வேகத்தை அளக்கும் அலகு. 1 நாட் = மணிக்கு 1.852 கிலோமீட்டர்.
ஆழ்வெடிகுண்டு – தண்ணீருக்குள் போய், குறிப்பிட்ட ஆழத்தில் வெடிக்கும் குண்டு.
கொதிகலன் – நீராவி உண்டாக்கும் பெரிய கலம்.

பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்
1. காஸியின் பழைய பெயர் என்ன?
2. விக்ராந்த் ஒளிந்திருந்த இடம் எது?
3. விக்ராந்தை மேற்குக் கடலுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? (இதற்கு நீங்களே யோசித்து எழுதுங்கள். விடை என்னிடமும் இல்லை.)

விடைகளை ஒரு தாளில் எழுதி, சுவரிதழ் பக்கத்தில் இருக்கிற அட்டைப் பெட்டியில் போடுங்கள். சரியாக எழுதுகிறவர்கள் பெயர் அடுத்த மாதம் வரும். அன்னிக்கு வகுப்புல கேள்வி கேட்டவனும் கட்டாயம் எழுதணும்.

தவறு இருந்தால் ஆசிரியர்கள் மன்னித்துத் திருத்தவும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆரணி